போர்வையில் பால்மரக் (ரப்பர் மரக்) கட்டம் வேலி மாதிரி தெரிகிறதா?

மரத்தண்டுக்கான துணித் துண்டுகளை ரூலர் வைக்காமல் கைபோன போக்கில் வெட்டுங்கள், அடியில் சற்று அகலமாக, மேலே குறுகலாக. மலேசியாவின் சுங்கை சிப்புட் பால்மரக் காட்டை ஒட்டுத்துணிப் போர்வையில் தைத்தால் கம்பி வேலியாகிவிடுகிறது என்றீர்கள். எல்லாத் தண்டும் ஒரே அகலம், ஒரே இடைவெளி. அநேகமாக அதுதான் காரணம்.

தோட்டத்திலும் மரம் நேர்வரிசைதான். ஆனால் சாலையோரம் நின்று பார்த்தால் பக்கத்து மரம் தடிப்பாகவும், உள்ளே போகப் போக மெலிந்து நெருங்கியும் தெரியும். அதைத் தையுங்கள். ஒரே ஒரு தண்டில் பால் எடுக்கச் சீவிய கோடு போதும்: இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழே இறங்கும் மெல்லிய வெளிர் துண்டு. பால் பிடிக்கும் மங்கு (கிண்ணம்) வேண்டாம், அப்புறம் அது பள்ளிக்கூடப் படமாகிவிடும்.

இரு பக்கத் தையலும் கால் கால் அங்குலம் தின்னும். 1 அங்குலத் துண்டு அரை அங்குலமாகத்தான் மிஞ்சும்.

தைக்கும் முன் துண்டுகளைப் பரப்பி, கைப்பேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். தண்டும் பின்னணியும் ஒரே சாம்பலாகக் கலந்தால் துணியை மாற்றுங்கள், வெட்டிய விதத்தை அல்ல.

சாய்வாக வெட்டிய ஓரம் இழுபடும், கவனம். இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் அழுத்தி எடுங்கள். கட்டத்தை 12½ அங்குலத்துக்கு வெட்டிச் சீராக்குவது எல்லாம் தைத்து முடித்த பிறகுதான்.