சேர்த்து வைத்ததை உடைக்கும் நொதிகள்: சேலம் வாசகர்களின் கேள்விகள்

பாக்டீரியாக்களின் பாலிபாஸ்பேட் பற்றிக் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். நாற்பது ஆண்டுகள் நுண்ணுயிரியல் பாடம் எடுத்தவனையே யோசிக்க வைத்த கேள்விகளும் வந்திருக்கின்றன.

அஸ்தம்பட்டி மாணவி: ஐயா, ஆய்வக வகுப்பில் ஆல்பர்ட் சாயமிட்டபோது தொண்டை அடைப்பான் கிருமிக்குள் கருநீலப் புள்ளிகள் தெரிந்தன. அவைதாம் பாலிபாஸ்பேட்டா?

அவையேதான் அம்மா. உடல் பச்சை, புள்ளி கருநீலம். பாஸ்பேட்டுகளைப் பூச்சரம்போல நூற்றுக்கணக்கில் கோத்து வைத்த சேமிப்பு அது. செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் உள்ள அதே ஆற்றல் பிணைப்புதான் இங்கும் நாராக இருக்கிறது. சரத்தைக் கோப்பது பிபிகே என்னும் நொதி. 1956இல் ஆர்தர் கோர்ன்பெர்க்கின் குழு அதை ஈ.கோலை என்னும் குடல் பாக்டீரியாவில் கண்டது.

சூரமங்கலம் வாசகர்: உடைப்பது எது?

பிபிஎக்ஸ். சரத்தின் முனையிலிருந்து ஒவ்வொரு பூவாக உதிர்க்கும்.

ஆத்தூர் ஆசிரியர்: சேமிப்பு நல்லதென்றால், உடைக்கும் நொதியை நீக்கிவிட்டால் கிருமி இன்னும் வலுப்பெற வேண்டுமே?

இதற்காகவே உங்களை வகுப்பில் முன்வரிசையில் உட்கார வைத்திருப்பேன். சில கிருமிகளில் நீங்கள் சொல்வது நடக்கிறது. மூளைக்காய்ச்சல் தரும் நைசீரியாவில் பிபிஎக்ஸை நீக்கியபோது, நம் இரத்தத்தில் கிருமிகளை அழிக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களின் தாக்குதலை அது கூடுதலாகத் தாங்கியது.

காசநோய்க் கிருமியின் கதை வேறு. அதனிடம் இந்த வகை நொதிகள் இரண்டு உள்ளன. ஒன்றை முடக்கினால் பாலிபாஸ்பேட் குவிகிறது, வளர்ச்சி மந்தமாகிறது, ஐசோனியசிட் என்னும் காசநோய் மருந்தைத் தாங்கும் திறன் ஏறுகிறது. ஆனால் கினிப்பன்றியின் நுரையீரலில் நெடுநாள் பிழைத்திருக்கத் தடுமாறுகிறது. குதிர் நிறைய நெல் இருந்தும் அடிவாய் திறக்காத வீட்டின் நிலைமை!

திறக்கும் நேரத்தையும் கிருமி பார்த்துக்கொள்கிறது. ஈ.கோலை அமினோ அமிலமின்றிப் பட்டினி கிடக்கும்போது அதனுள் ஓர் அபாய மூலக்கூறு பெருகி, பிபிஎக்ஸைத் தடுக்கிறது. சரம் நீள்கிறது. அந்தச் சரம் லோன் என்னும் புரதம் அறுக்கும் நொதியோடு சேர்ந்து, செல்லில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் புரதங்களை உடைத்து அமினோ அமிலமாக்குகிறது. பஞ்ச காலத்தில் பாத்திரத்தை விற்று அரிசி வாங்குவதுபோல என்று சொன்னால் என் மனைவி சிரிப்பார்.

ஏற்காடு காபித் தோட்டக்காரர்: நாங்கள் இடும் பாஸ்போபாக்டீரியாவும் இதைத்தான் செய்கிறதா?

இல்லை. அது கரிம அமிலங்களைச் சுரந்து, மண்ணில் கரையாமல் கிடக்கும் பாஸ்பேட்டைக் கரைக்கிறது. பெயர்தான் பக்கத்து வீடு.

கொண்டலாம்பட்டி வாசகர்: என் அண்ணன் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார். மந்தமான கிருமி மருந்தைத் தாங்கும் என்றால் அவர் கதி?

பயம் வேண்டாம் தம்பி. அப்படி மந்தமாகிக் கிடப்பவற்றையும் ஒழிக்கத்தான் பல மருந்துகளைச் சேர்த்து மாதக்கணக்கில் தருகிறார்கள். உடம்பு தேறியது என்று பாதியில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வாசகர்: இந்த நொதிகளையே தடுக்கும் மருந்து வருமா?

பிபிகே மனித உடலில் இல்லாததால் அதைக் குறிவைக்கிறார்கள். பெருங்குடல் அழற்சிக்குத் தரும் மெசலமைன் அதைத் தடுப்பதாக 2017இல் ஓர் ஆய்வு வந்தது. பிபிஎக்ஸைத் தடுப்பதில் எனக்குத் தயக்கம்தான்: மந்தமாகிப்போன காசநோய்க் கிருமி ஐசோனியசிட்டுக்குப் பிடிகொடுக்காமல் நழுவிவிட்டால் என்ன செய்வது?