நகரத்தின் உணவும் உங்கள் மகளின் படிப்பும்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்ற உங்கள் மகள் பொறியியலை விட்டுவிட்டு, நகரத்துக்கு வேண்டிய உணவைச் சிறு விவசாயிகளோடு சேர்ந்து திட்டமிடும் பணிக்குப் போக விரும்புவதாகவும், அப்படியொரு வேலை இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றும் கவலையோடு எழுதியிருந்தீர்கள். அந்தப் பெயரில் வேலை விளம்பரம் வருவது அரிதுதான். ஆனால் அதற்கான தேவையை 2020 மே மாதத்தில் சென்னை நேரிலேயே கண்டது. கொரோனா பரவலால் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டபோது, ஒரே சந்தையைப் பெரிதும் நம்பியிருந்த நகரமும் அதற்குச் சரக்கு அனுப்பிவந்த விவசாயிகளும் சேர்ந்தே தவித்தார்கள்.

ஒரே வாசலை நம்பியிராத ஏற்பாட்டுக்கு உழவர் சந்தை நம் கண்முன் உள்ள உதாரணம். 1999-இல் மதுரையில் தொடங்கிய இத்திட்டத்தில், அடையாள அட்டை பெற்ற விவசாயி வாடகையின்றி, தரகரின்றி நேரடியாக விற்கிறார். ஆனால் கட்டடம் எழுப்பினால் மட்டும் சந்தை நடந்துவிடாது. கீரை பயிரிடுபவர் முதல் நாள் மாலையே அறுத்து, கட்டுக்கட்டாக ஈரச் சாக்கில் சுற்றி, விடியற்காலை முதல் பேருந்தில் ஏற்றுகிறார். அந்தப் பேருந்து நின்றுவிட்டால் அவருக்குச் சந்தை இருந்தும் இல்லாததுதான். நகரத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தைக் காலை பத்து மணிக்கு வைத்தால், கீரை வாடுவதற்குள் விற்றாக வேண்டிய அவரால் வர முடியாது. வர முடிந்தவர்கள் சொன்னதே விவசாயிகளின் கருத்தாகப் பதிவாகிவிடும். கூட்டத்தை அவருடைய நேரத்துக்கு, அவருடைய ஊருக்குக் கொண்டுபோவதும், அவர் சொன்னதை வரைபடத்தில் இடம்பெறச் செய்வதுமே இந்தப் பணியின் உயிர் என்பேன்.

படிப்புக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு வேளாண்மை அல்லது தோட்டக்கலைப் பட்டம். மற்றொன்று, ஜேஇஇ மெயின் தேர்வின் திட்டமிடல் தாள் வழியாகச் சேரும் பி.பிளான் என்னும் திட்டமிடல் இளங்கலைப் பட்டம். நான் முதல் வழியையே சொல்வேன், ஏனென்றால் வேளாண் பட்டத்தில் மாணவர்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழகும் பருவம் ஒன்று உண்டு. அந்தப் பழக்கத்தை வகுப்பறையில் ஈடுசெய்ய முடியாது. ஆனால் வேளாண் பட்டத்தை மட்டும் வைத்து நகரத் திட்டமிடல் முதுகலையில் நேரடியாகச் சேர்வது பல இடங்களில் இயலாது என்பதால், ஒவ்வொரு நிறுவனத்தின் தகுதி விதிகளையும் இப்போதே படித்துவிடுங்கள். பொருளியலிலோ புவியியலிலோ முதுகலை முடித்து அதன்பின் திட்டமிடலுக்குப் போகிறவர்களும் உண்டு.

தொடக்கச் சம்பளம் மென்பொருள் வேலைக்கு ஈடாக இராது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை, வேளாண்மைக்கும் ஊரக வளர்ச்சிக்குமான நபார்டு வங்கி, விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் ஆகியவற்றில் இந்தப் படிப்புக்கு இடமுண்டு.

முடிவெடுக்கும் முன், உங்கள் ஊர் உழவர் சந்தைக்கு மகளுடன் ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் போங்கள். யார் எந்த ஊரிலிருந்து எதில் வந்தார்கள், விற்காமல் மீந்ததை என்ன செய்கிறார்கள் என்று அவரே கேட்டு எழுதட்டும். அந்த நோட்டுடன் இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள்; விண்ணப்பத்தை அதன்பின் சேர்ந்து நிரப்புவோம்.