இனிப்பை நிறுத்திய பிறகும் சாக்லேட் கேட்கும் நாக்கு

கேள்வி: எனக்கு வயது 44. தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறேன். இரண்டு மாதங்களுக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்பிஏ1சி 6.1 என்று வந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், இனிப்பை நிறுத்துங்கள் என்று சொன்னார்கள். அன்றிலிருந்து வீட்டில் சர்க்கரை வாங்குவதையே விட்டுவிட்டேன். நான்கு வேளைத் தேநீருக்கும் இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரைதான். காலையில் தேநீரும் பிஸ்கட்டும், மதியம் ஒரு மணிக்கு டப்பாவில் எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ, இரவு வீடு திரும்பிச் சாப்பிடப் பத்து மணி ஆகிவிடும். மாலை ஆறு மணி ஆனால் சாக்லேட் வேண்டும் என்று மனம் அலைகிறது. இரவும் சாப்பிட்ட பிறகு ஏதாவது இனிப்பு இல்லாவிட்டால் திருப்தி இல்லை. போன வாரம் மகனுக்கு வாங்கி வைத்திருந்த பெரிய சாக்லேட்டை நள்ளிரவில் முழுவதும் தின்றுவிட்டு அழுதேன். டார்க் சாக்லேட், பேரீச்சம்பழம், ‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட் ஆகியவற்றில் எதைச் சாப்பிடலாம்? அடுத்த மாதம் மகனின் பிறந்தநாள் வருகிறது. அன்றைக்கு என்ன செய்வது?

பதில்: அந்த நள்ளிரவைப் பற்றி முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னை வருத்தியது அதுதான். ஒரு நாள் ஒரு சாக்லேட்டை முழுவதும் தின்றதால் உங்கள் உடலுக்கு நிலையான கேடு எதுவும் வந்துவிடவில்லை. எச்பிஏ1சி என்பது ஏறத்தாழ மூன்று மாத காலத்தின் சராசரிச் சர்க்கரை அளவைக் காட்டுவது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு என்று கொள்கிறோம். நீங்கள் நிற்பது 6.1இல். உணவையும் நடையையும் சீர்செய்து, எடை கூடுதலாக இருந்தால் அதையும் குறைத்து, இந்த நிலையிலிருந்து பழைய அளவுக்குத் திரும்பியவர்களை ராயபுரத்தில் உள்ள எங்கள் சிறிய மருத்துவமனையில் நான் தொடர்ந்து பார்க்கிறேன். ஆகவே குற்ற உணர்வை விட்டுவிட்டு, அந்த ஆசை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்ப்போம்.

நீங்கள் எழுதியுள்ள அன்றாட உணவு முறையிலேயே விடை பெரும்பாலும் இருக்கிறது. காலையில் உங்கள் வயிற்றுக்குப் போவது மைதாவும் சர்க்கரையும் சேர்ந்த பிஸ்கட், மதியம் போவது பெரும்பாலும் சோறு மட்டும். இரண்டிலும் புரதம் மிகக் குறைவு என்பதால் பசி சீக்கிரம் திரும்புகிறது. மதியம் ஒரு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் நடுவில் ஒன்பது மணி நேரம் கடையில் நின்றுகொண்டே இருக்கிறீர்கள். அந்த இடைவெளியில் பாதியைக் கடந்ததும், மாலை ஆறு மணிக்கு, உடல் விரைவாகக் கிடைக்கும் எரிபொருளைக் கேட்பதில் வியப்பில்லை. நீங்கள் சாக்லேட் ஆசை என்று நினைத்து வெட்கப்படுவதில் பாதி வெறும் பசி.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். நீங்கள் இன்னும் சர்க்கரையை நிறுத்தவில்லை. நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன் எல்லாம் இரத்தத்துக்குள் போன பிறகு ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வெல்லத்தில் சிறிதளவு இரும்பும் வேறு தாதுக்களும் உண்டு என்பது உண்மை, ஆனால் நாம் சேர்க்கும் அளவில் அவற்றால் பெரிய பயன் இல்லை. ஒரு தேக்கரண்டிக்கு 4 கிராம் என்று வைத்தாலும், நான்கு தேநீரில் எட்டுக் கரண்டி சேர்ந்தால் 32 கிராம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உணவில் நாம் சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் உள்ள சர்க்கரை ஆகியவை மொத்த ஆற்றலில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. முடிந்தால் 5 சதவீதத்துக்குள், அதாவது நாளுக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள், குறைப்பது நல்லது என்றும் சொல்கிறது. உங்கள் தேநீர் மட்டுமே அந்த 25 கிராமைத் தாண்டிவிடுகிறது. இரண்டு கரண்டியை இந்த வாரம் ஒன்றரையாகவும், அடுத்த வாரம் ஒன்றாகவும், பிறகு அரையாகவும் குறைத்துக்கொண்டே வாருங்கள். கடைத் தேநீரானால் ‘சர்க்கரை கம்மி’ என்று கேட்பதிலிருந்து தொடங்கலாம். தித்திப்பைப் படிப்படியாகக் குறைத்தவர்களில் பலர், சில வாரங்கள் கழித்துப் பழைய தேநீரைக் குடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு தித்திப்பையா குடித்துக்கொண்டிருந்தோம் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நாக்கு பழகுகிறது, அதற்குச் சற்று அவகாசம் கொடுக்க வேண்டும்.

பசியைக் கவனிக்காமல் ஆசையோடு மட்டும் போராடினால் நாள்தோறும் தோற்க நேரும். காலையில் பிஸ்கட்டுக்குப் பதிலாக இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சாம்பாரும் ஒரு முட்டையும், அல்லது பச்சைப்பயறு அடையும் சாப்பிடுங்கள். மதிய டப்பாவில் சோற்றை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, அந்த இடத்தில் சுண்டலையோ, கூட்டையோ, காசிமேட்டிலிருந்து வரும் நெத்திலி, சங்கரா போன்ற மீனையோ வையுங்கள். மிக முக்கியமானது மாலை ஐந்தரை மணி. ஆசை வந்த பிறகு தேடாமல், அது வருவதற்கு அரை மணி முன்னதாகவே ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ, ஒரு கொய்யாப்பழமோ சாப்பிட்டுவிடுங்கள். நான் சொல்லும் எல்லாவற்றிலும் ஒன்றை மட்டுமே செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்படியும் சாக்லேட்தான் வேண்டும் என்று தோன்றும் நேரங்கள் இருக்கும். சாக்லேட்டுக்கு நிகராக வேறொன்றும் தோன்றாததற்குக் காரணம் உண்டு. கோகோ வெண்ணெய் ஏறத்தாழ 34 டிகிரி செல்சியஸில், அதாவது நம் உடல் சூட்டுக்குச் சற்றுக் கீழே, உருகுகிறது. வாயில் வைத்தவுடன் அது கரையும்போது தித்திப்பும் கொழுப்பும் கோகோவின் மணமும் ஒரே நேரத்தில் நாக்கில் படுகின்றன. சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்து வரும் உணவு மூளையின் மகிழ்ச்சிப் பாதைகளை நன்றாகத் தூண்டும். அதோடு நாள்தோறும் ஒரே மணிக்கு அதைச் சாப்பிட்டுப் பழகிவிட்டால், அந்த மணி அடித்தவுடனே நினைவு வந்துவிடும். இதற்கு அடிமைத்தனம் என்று பெயர் வைக்க நான் விரும்புவதில்லை. பழக்கம் என்பேன். பழக்கத்தின் நேரத்தையும் அளவையும் மாற்ற முடியும்.

டார்க் சாக்லேட் சாப்பிடலாம், ஆனால் உறையின் முன்பக்கத்தில் உள்ள ‘டார்க்’ என்ற சொல்லை நம்பி வாங்காதீர்கள். பின்பக்கத்தில் சேர்மானங்கள் அளவில் மிகுந்தது முதலில் வரும்படி அச்சிடப்பட்டிருக்கும். சர்க்கரை முதலில் இருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். சாதாரணப் பால் சாக்லேட்டில் ஏறத்தாழ பாதிக்கு மேல் சர்க்கரைதான். 70 சதவீதக் கோகோ உள்ளதில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 30 கிராமும், 85 சதவீதக் கோகோ உள்ளதில் அதில் பாதியளவும் இருக்கும். 70 சதவீதச் சாக்லேட்டில் 10 கிராம், அதாவது பெரும்பாலும் ஒன்றிரண்டு சிறு கட்டங்கள், சாப்பிட்டால் 3 கிராம் சர்க்கரையும் ஏறத்தாழ 60 கலோரியும் சேரும். தேநீரில் இனிப்பைக் குறைத்துவிட்டால், அந்த 25 கிராமுக்குள் அது தாராளமாக அடங்கும். அதை வெறும் வயிற்றில் சாப்பிடாமல் உணவை முடித்தவுடன், கடிக்காமல் நாக்கில் வைத்து உருக விட்டுச் சாப்பிடுங்கள். பெரிய கட்டியாக வீட்டில் வைக்காதீர்கள். வாங்கிய அன்றே துண்டுகளாக்கி, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பொட்டலமாகக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால், சென்னை வெயிலில் உருகாமலும் இருக்கும், இரவில் கை நீளாமலும் இருக்கும். கசப்பு முதலில் பிடிக்காது என்பதால் 55 அல்லது 60 சதவீதத்தில் தொடங்கி மேலே போகலாம்.

இரவு உணவுக்குப் பிறகு எழும் இனிப்பு ஆசைக்கு நான் பெரிதும் பரிந்துரைப்பது கோகோ பால். இனிப்புச் சேர்க்காத கோகோ பொடி ஒரு தேக்கரண்டியைச் சிறிது வெந்நீரில் கட்டியில்லாமல் குழைத்து, ஒரு சிறு டம்ளர் சூடான பாலில் கலந்து, ஏலக்காயோ சிறு பட்டைத் துண்டோ போட்டுக் குடியுங்கள். கடைகளில் ‘சாக்லேட் பானம்’ என்று விற்கும் பொடிகளில் பெரும்பாலும் சர்க்கரை மிகுதியாக இருக்கும் என்பதால், சேர்மானத்தில் கோகோ மட்டுமே உள்ள பொடியாகப் பார்த்து வாங்க வேண்டும். கோகோவில் சிறிதளவு காஃபீனும் உண்டு, ஆகவே தூக்கம் கெடுபவர்களும் நெஞ்செரிச்சல் உள்ளவர்களும் இதை மாலையிலேயே குடித்துவிடுவது நல்லது. விடுமுறை நாளில் ஓர் உருண்டையும் செய்து வைக்கலாம். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 100 கிராம், கோகோ பொடி இரண்டு மேசைக்கரண்டி, சிறிய பேரீச்சம்பழம் நான்கு, ஒரு சிட்டிகை உப்பு ஆகியவற்றை மிக்ஸியில் அரைத்துப் பத்து உருண்டைகளாகப் பிடித்தால், ஒவ்வொன்றிலும் பேரீச்சம்பழத்திலிருந்து வரும் சர்க்கரை ஏறத்தாழ 2 கிராம்தான். கோடையில் வண்டிகளில் நுங்கு கிடைக்கும்போது வேறு இனிப்பைத் தேட வேண்டியதே இல்லை.

பேரீச்சம்பழத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதன் எடையில் பெரும்பங்கு சர்க்கரை என்பதால், இப்படி நான்கைப் பத்து உருண்டைகளில் பகிர்ந்தால் நல்லது, இயற்கை உணவு என்று நினைத்து நாளைக்கு எட்டைத் தின்றால் நல்லதல்ல. அதே தவறுதான் சர்க்கரை சேர்க்காத ஜவ்வரிசிப் பாயசத்திலும் நேர்கிறது. ஜவ்வரிசியே மாவுச்சத்து, அது உடலில் குளுக்கோசாகத்தான் மாறும்.

‘சுகர் ஃப்ரீ’ சாக்லேட்டில் பெரும்பாலும் மால்டிட்டால் என்ற இனிப்பூட்டி இருக்கும். சர்க்கரையைவிடக் குறைவாக என்றாலும் அதுவும் இரத்தச் சர்க்கரையை ஏற்றும். சற்று மிகுதியாகச் சாப்பிட்டால் வயிறு உப்பி, பேதியும் ஆகும். கொழுப்பு குறைவதில்லை, கலோரியும் பெரிதாகக் குறைவதில்லை. ஆசைக்கு ஒரு துண்டு தின்பதில் தவறில்லை, ஆனால் அதற்குக் கொடுக்கும் கூடுதல் விலைக்கு ஏற்ற நன்மை இல்லை என்பது என் கருத்து. செயற்கை இனிப்பூட்டிகளை எடைக் கட்டுப்பாட்டுக்காகப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் அறிவுறுத்தியது. ஏற்கனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. உங்களைப் போன்றவர்களுக்கு என்னுடைய தயக்கம் வேறு: நாக்கின் தித்திப்பு அளவு அப்படியே இருந்துவிடும், பழகும் வாய்ப்பே அதற்குக் கிடைக்காது.

உறக்கம் குறைந்த மறுநாள் இனிப்பு ஆசை கூடும், மாதவிலக்குக்கு முந்தைய நாட்களிலும் கூடும். அந்த நாட்களை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் உங்கள் மேல் உங்களுக்கே கோபம் வராது. அரிசி, சாம்பல், ஐஸ் கட்டி போன்றவற்றையும் தின்னத் தோன்றினால் அது இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம், ஹீமோகுளோபினைப் பாருங்கள். நள்ளிரவில் கட்டுப்பாடில்லாமல் தின்று அழுவது வாரந்தோறும் நடந்தால், தயங்காமல் மனநல மருத்துவரிடமும் பேசுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், படபடப்போடு இனிப்பு வேண்டும் என்று தோன்றினால், அது ஆசையல்ல, சர்க்கரை இறங்கியதன் அறிகுறியாக இருக்கலாம். சோதனையில் 70க்குக் கீழே இருந்தாலோ, சோதிக்க வசதி இல்லாவிட்டாலோ, உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். பதினைந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் அதையே மறுபடியும் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும்.

பிறந்தநாளன்று கேக் வெட்டுங்கள், நீங்களும் ஒரு துண்டு சாப்பிடுங்கள். மகன் ஊட்ட வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். வெறும் வயிற்றோடு இருக்காமல், முட்டையோ மீனோ சுண்டலோ சேர்ந்த உணவுக்குப் பிறகு அதைச் சாப்பிடுங்கள். அன்று சோற்றைப் பாதியாக்கி, தேநீரில் இனிப்பைத் தவிர்த்து, முடித்ததும் மொட்டை மாடியில் பதினைந்து நிமிடம் நடங்கள். மீதிக் கேக்கை அன்றிரவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுங்கள். தேநீரைக் குறைக்கத் தொடங்கும் நாளைக் குறித்து வைத்து, அதிலிருந்து மூன்று மாதம் கழித்து எச்பிஏ1சியை மறுபடியும் எடுத்து எனக்கு எழுதுங்கள்.