க்ளோ த வூஜோ: ஒரு மதில், எண்பது உரிமையாளர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

லியோனில் வேலை பார்க்கிறேன். சென்ற மாதம் நண்பர்கள் சேர்ந்து ஒரே ஆண்டைச் சேர்ந்த இரண்டு ‘க்ளோ த வூஜோ’ வைன் பாட்டில்களைத் திறந்தோம்; பிரான்ஸின் பர்கண்டி வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் பெயர் அது. இரண்டிலும் மிக உயர்ந்த தரத்தைக் குறிக்கும் ‘கிராண்ட் க்ரூ’ என்றே போட்டிருந்தது, தயாரித்தவர்கள்தான் வேறு. ஒன்றின் விலை மற்றதைப் போல மூன்று மடங்கு. மலிவானது தண்ணீராகவும் இருந்தது, கசக்கவும் செய்தது. அரசாங்கமே நிலத்தைத் தரம் பிரித்துச் சட்டம் போட்டிருக்கும் நாட்டில் இது எப்படி நடக்கிறது? பர்கண்டியில் பெயரைப் பார்த்து வாங்குவதா, ஆளைப் பார்த்து வாங்குவதா?

எஸ்., லியோன்

அன்புள்ள எஸ்.,

ஆளைப் பார்த்துத்தான். பெயர் அதற்குப் பிறகு. நீங்கள் திறந்த இரண்டு பாட்டில்களும் இதை விளக்க மிகப் பொருத்தமானவை, ஏனென்றால் பர்கண்டி முழுவதிலும் பெயரை மட்டும் நம்பியவர்களை அதிகம் ஏமாற்றியது க்ளோ த வூஜோவாகத்தான் இருக்கும்.

அப்பெல்லேஷன் சட்டம், அதாவது விளைந்த இடத்தின் பெயரை எந்த வைனுக்குப் போடலாம் என்று வரையறுக்கும் சட்டம், எதற்கு உறுதி தருகிறது என்று முதலில் பார்ப்போம். 1935இல் பிரான்ஸ் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பர்கண்டியின் பெருந்தோட்டங்கள் அடுத்த இரண்டு ஆண்டுகளில் அதற்குள் வந்தன. எல்லை எது, திராட்சை ரகம் எது, கொடிகளை எவ்வளவு நெருக்கமாக நடவேண்டும், ஹெக்டேருக்கு எவ்வளவு எடுக்கலாம், பழம் எந்த அளவு பழுத்திருக்கவேண்டும் என்பதையெல்லாம் அது சொல்கிறது. சிவப்பு கிராண்ட் க்ரூ என்றால் பினோ நுவார் ரகம், ஹெக்டேருக்குச் சுமார் 35 ஹெக்டோலிட்டர் (3,500 லிட்டர்), சர்க்கரை சேர்க்காமலே 11.5 சதவீத ஆல்கஹால் வரும் அளவுக்குப் பழுத்த பழம். இவை ஒரு தளம். அதன்மேல் ஒருவர் என்ன கட்டுகிறார் என்பது அவர் கையில்.

இனி க்ளோ த வூஜோவைச் சுற்றியுள்ள மதிலுக்கு வருவோம். சித்தோ மடத்துத் துறவிகள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து துண்டு துண்டாகச் சேர்த்த நிலத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். 1336 வாக்கில் அது முழுமையடைந்தது. உள்ளே ஏறக்குறைய 50 ஹெக்டேர். புரட்சிக்குப் பிறகு 1791இல் மடத்துச் சொத்தாக இருந்தது தேசச் சொத்தாகி விற்கப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டு அது ஒரே சொத்தாக நீடித்தது; 1889இல் உடைந்து பலர் கைக்குப் போனது. பிள்ளைகளுக்குச் சம பங்கு என்ற நெப்போலியன் சட்டம் அந்தத் துண்டுகளை மேலும் துண்டாக்கியது. இன்று உள்ளே ஏறத்தாழ 80 உரிமையாளர்கள் இருக்கிறார்கள். 1937இல் எல்லை வரைந்தபோது இந்த மதிலையே கோடாக எடுத்துக்கொண்டார்கள். ஆகவே உள்ளே இருப்பது அத்தனையும் கிராண்ட் க்ரூ.

மண் மதிலைப் பார்த்து நடந்துகொள்வதில்லை. மேற்கே, கோட்டை வீட்டை ஒட்டிய மேல்பகுதியில் மண் மெல்லியது. அரை மீட்டருக்கும் குறைவான ஆழத்தில் சுண்ணாம்புப் பாறை வந்துவிடும். சரளை கலந்திருப்பதால் மழைநீர் உடனே வடிகிறது. மதிலுக்கு அப்பால் முய்சிஞி, கிரான் எஷெஸோ ஆகிய பெருந்தோட்டங்கள். கிழக்கே சாலையை நோக்கி இறங்க இறங்க மண் கனத்த களியாகிறது, ஆழம் கூடுகிறது, சரிவு ஏறக்குறைய மறைகிறது, ஈரம் தங்குகிறது. அந்தச் சாலையைத் தாண்டினால் பெரும்பாலும் வெறும் ‘பூர்கோன்யு’ என்ற வட்டாரப் பெயர்தான். ஈரமான ஆண்டில் கீழே உள்ள கொடி நீரை உறிஞ்சிப் பெரிய பழமாகத் தருகிறது. தோலுக்கும் சாறுக்கும் உள்ள விகிதம் குலைகிறது. வெயில் கடுமையாகக் காய்ந்த ஆண்டுகளில் நிலை மாறுகிறது: மேலே கொடி தவிக்கும்போது கீழே களிமண் ஈரத்தைக் காத்துத் தருகிறது. துறவிகள் கையில் முழுத் தோட்டமும் இருந்ததால் ஒரு பகுதியின் குறையை இன்னொரு பகுதி ஈடுசெய்தது. கீழ்த்துண்டு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த வழி இல்லை.

ஆனால் மண்ணை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போகமுடியாது. அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு உள்ளே 20 ஆர், அதாவது 0.2 ஹெக்டேர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சட்ட அளவுப்படி 700 லிட்டர். பர்கண்டிப் பீப்பாய் ஒன்று 228 லிட்டர். மொத்தம் மூன்று பீப்பாய், சுமார் 900 பாட்டில். மூன்றில் ஒரு பீப்பாய் கெட்டால் விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. விற்பனைக்கு ஒவ்வாதது என்று ஒதுக்கிவிட அவருக்கு மனம் வருமா? ஒரே ஒரு புதிய ஓக் பீப்பாய் வாங்கினாலே புதுமர விகிதம் 33 சதவீதமாகிவிடும். இடைப்பட்ட அளவு அவருக்குக் கிடையாது. ஒரு டன்னுக்கும் குறைவான பழத்தைச் சிறு தொட்டியில் நொதிக்க வைத்தால் சூடு நிற்காது, நொதித்தல் சீராகப் போகாது. 2016 ஏப்ரல் உறைபனியில் மோன்ராஷே தோட்டத்தில் விளைச்சல் எவ்வளவு சுருங்கியது என்றால், அங்கே நிலம் வைத்திருந்த ஏழு தொமேன்கள் (சொந்தத் தோட்டத்துப் பழத்தில் வைன் செய்பவர்கள்) தங்கள் பழத்தை ஒன்றாகக் கொட்டி எல்லோருக்குமாக இரண்டே பீப்பாய் வைன் செய்தன. தனித்தனியே ஒரு பீப்பாயை நிரப்பவும் போதாது என்பதே காரணம்.

இப்போது உங்கள் மலிவுப் பாட்டில். தண்ணீராகவும் கசப்பாகவும் இருந்தது என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் நான் முதலில் சந்தேகிப்பது கவாத்தை. பர்கண்டியில் ஹெக்டேருக்குச் சுமார் 10,000 கொடி, மீட்டருக்கு மீட்டர் இடைவெளியில். 35 ஹெக்டோலிட்டரை 10,000ஆல் வகுத்தால் கொடிக்கு 0.35 லிட்டர், அரை பாட்டிலுக்கும் சற்றுக் குறைவு. குளிர்காலத்தில் ‘கியோ’ முறையில் கவாத்து செய்யும்போது ஒரு நீண்ட கிளையும், இரண்டு மொட்டுள்ள ஒரு குட்டைக் கிளையும் விடுகிறார்கள். நீண்ட கிளையில் ஆறு முதல் எட்டு மொட்டு. கூடுதலாக விட்டால் குலைகள் கூடும், ஒவ்வொன்றும் பழுக்கப் போதுமான சர்க்கரை கிடைக்காது. மே மாதத்தில் தேவையற்ற தளிர்களைக் கிள்ளிவிட்டால் இன்னும் திருத்திக்கொள்ளலாம். ஆகஸ்ட்டில் குலைகளை வெட்டித் தரையில் போடுவதில் பலன் குறைவு: மிச்சமிருக்கும் பழங்கள் ஊதி அந்த இழப்பில் பாதியை ஈடுகட்டிவிடும், சாறு நீர்த்தபடியே இருக்கும்.

நீர்த்த சாறு தொட்டிக்கு வந்ததும் செய்பவருக்குப் பயம் வருகிறது. கிராண்ட் க்ரூ என்று பெயர் போட்டுவிட்டு வெளிறிய வைனை எப்படி விற்பது? மேலே மிதக்கும் தோலை மீண்டும் மீண்டும் உள்ளே அமுக்குகிறார், ஊறும் நாட்களைக் கூட்டுகிறார். தோலில் நிறமும் சத்தும் குறைவாக இருக்கும்போது இப்படிச் செய்தால் விதையிலிருந்து கசப்புத்தான் வரும். அதை மறைக்கப் புது ஓக். இந்த வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தைய பிழையைச் சரிசெய்ய எடுத்தது, ஒவ்வொன்றும் வைனை இன்னும் கெடுத்தது. கொடியில் தொடங்கிய பிழையைப் பாதாள அறையில் திருத்தமுடியாது என்பது இங்கே கண்ணெதிரே தெரிகிறது. எனக்கு இது மிகுந்த வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் நிலம் நல்ல நிலம்.

நெகோசியான் எனப்படும் வணிகர்கள் பழத்தையோ வைனையோ வாங்கித் தங்கள் பெயரில் விற்கிறார்கள். அவர்களை மட்டமாகப் பேசுவது சிலருக்கு வழக்கம்; நான் ஒத்துக்கொள்வதில்லை. மேலும் கீழும் உள்ள சிறு துண்டுகளின் பழத்தைக் கலந்து செய்யும் நல்ல வணிகர், கீழே ஒரே ஒரு துண்டு வைத்திருக்கும் அலட்சியமான விவசாயியை எளிதாக வெல்வார்.

பாட்டிலில் ஒட்டிய சீட்டைப் படிப்பதிலும் ஒரு பொறி உண்டு. 19ஆம் நூற்றாண்டில் ஊர்கள் தங்கள் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டன: ழெவ்ரே 1847இல் ‘ழெவ்ரே-ஷாம்பெர்தான்’ ஆயிற்று, புய்லிஞி 1879இல் ‘புய்லிஞி-மோன்ராஷே’ ஆயிற்று. எனவே ‘ஷாம்பெர்தான்’ மட்டும் இருந்தால் கிராண்ட் க்ரூ. ‘ழெவ்ரே-ஷாம்பெர்தான்’ என்றிருந்தால் ஊர் மட்டம். ஊர்ப் பெயரோடு தோட்டப் பெயரும் ‘பிரமியே க்ரூ’வும் சேர்ந்திருந்தால் இடைநிலை. ஊர்ப் பெயரோடு ஒரு தோட்டப் பெயர் இருந்து ‘பிரமியே க்ரூ’ இல்லையென்றால் அதுவும் ஊர் மட்டமே. ‘வியேய் வீஞ்’, அதாவது முதிய கொடிகள் என்ற சொல்லுக்குச் சட்ட வரையறையே இல்லை. அதற்காக ஒரு யூரோவும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

க்ளோ த வூஜோவையே மீண்டும் வாங்க நினைத்தால், துண்டு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மதிலுக்குள் பழைய உட்பெயர்கள் உண்டு. முய்சிஞியை ஒட்டிய மேல்துண்டான ‘முய்சிஞி’, ‘கிரான் மொபெர்த்துய்’ போன்றவற்றைச் சிலர் சீட்டிலேயே போடுகிறார்கள். நல்ல கடைக்காரர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுவார். காட்டத் தெரியாவிட்டால் வேறு கடை.

அதற்கு முன் உங்களுக்கு நான் சொல்வது வேறு ஒரு முறை. ஒரே விவசாயியின் வட்டாரப் பாட்டில், ஊர்ப் பாட்டில், பிரமியே க்ரூ மூன்றையும் ஒரே ஆண்டில் வாங்கி அடுத்தடுத்து ஊற்றிப் பாருங்கள். 15, 16 டிகிரியில், அதற்குமேல் சூடு வேண்டாம். மூன்றிலும் மாறாமல் இருப்பது அவருடைய கை, மாறுவது நிலம். அடிமட்டப் பாட்டிலிலேயே கவனம் தெரிகிற ஆளை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும். கூட்டம் குறைந்த ஊர்களில் தேடுங்கள்: மார்சனே, ஃபிஸான், சவிஞி, சான்தெனே. லியோனிலிருந்து பர்கண்டியின் வைன் நகரமான போன் (Beaune) இரண்டு மணிநேரப் பயணம்கூட இல்லை. செப்டம்பர் அறுவடை நேரத்தைத் தவிர்த்து, முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பாதாள அறைக்குள் நுழையுமுன், கொடிகளைக் காட்டச் சொல்லுங்கள்.