ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்குப் போக நினைக்கும் மகள்: மன்னார்குடித் தாய்க்கு ஒரு பதில்

அம்மா, வணக்கம். ப்ளஸ் டூ படிக்கும் மகள் நீட் வேண்டாம், ஸ்டெம் செல்லும் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல்) மரபியலும்தான் படிப்பேன் என்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், ஆனால் தாமதமாகப் போடும். இளங்கலையும் முதுகலையும் 5 வருடம், பிஎச்.டி. 5 முதல் 6 வருடம், அதன்பின் போஸ்ட்-டாக் என்ற தற்காலிக ஆய்வுப் பணி 2 முதல் 4 வருடம். நிரந்தர வேலை கிடைக்கும்போது முப்பது வயது தாண்டியிருக்கும். கல்யாணப் பேச்சையும் இந்தக் கணக்கை வைத்தே இப்போது மகளிடம் பேசிவிடுங்கள், பிஎச்.டி. நடுவில் பேசினால் இரண்டு பக்கமும் வலிக்கும்.

அத்தனை வருடமும் நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கினால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. வீட்டு வாடகைப்படி தனி. வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருடம் தளர்வு. தொகை சில சமயம் மாதக்கணக்கில் தள்ளிப்போகும், அதனால் அதை நம்பிக் கடன் தவணை எதுவும் வைக்காதீர்கள்.

இனி வேலை எப்படி என்று பார்ப்போம். தோல் செல் ஒன்றில் 4 மரபணுக்களை இயங்க வைத்தால், இதயம், நரம்பு, ரத்தம் என உடலின் எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய பழைய நிலைக்கு அது திரும்பும் என்று ஜப்பானின் ஷின்யா யமனாகா 2006-ல் எலியிலும் 2007-ல் மனிதச் செல்லிலும் காட்டினார். 2012-ல் ஜான் கர்டனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவற்றை ஐ.பி.எஸ். செல் என்பார்கள். செய்தியில் படிக்க இது பெரிதாக இருக்கும், ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பதோ பராமரிப்பு. செல் வளரும் இன்குபேட்டர் பெட்டிக்குள் எப்போதும் 37 டிகிரி, 5 சதவீத கார்பன் டை ஆக்சைடு இருக்க வேண்டும். பெரும்பாலான ஆய்வகங்களில் தினமும் மீடியாவை, அதாவது செல்கள் வளரும் ஊட்டத் திரவத்தை மாற்ற வேண்டும், ஞாயிறும் பொங்கலும் சேர்த்துத்தான். நாலைந்து நாளுக்கு ஒருமுறை செல்களைப் பிரித்துப் புதுத் தட்டில் போட வேண்டும். தனித்தனிச் செல்லாகப் பிரித்தால் பெரும்பகுதி செத்துவிடும். அதைத் தடுக்க ராக் இன்ஹிபிட்டர் என்ற மருந்தை ஒரு நாள் மட்டும் சேர்ப்பார்கள். செல் கூட்டத்தின் ஓரத்தில் உள்ளவை தட்டையாகி வேறு வகையாக மாறத் தொடங்கினால் அந்தப் பகுதியை அன்றே சுரண்டி எடுக்க வேண்டும். நன்றாகத் தெரிகிற தட்டுதான் அதிகம் ஏமாற்றும். 20-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு கூடுதலாகிவிட்ட செல்கள் எளிதில் சாகாமல் பெருகி மற்றவற்றை ஒதுக்கிவிடும், கண்ணுக்குத் தெரியாது. மைக்கோபிளாஸ்மா என்ற நுண்கிருமி புகுந்தாலும் மீடியா கலங்காது, பி.சி.ஆர். என்ற மரபணுச் சோதனை செய்தால்தான் பிடிபடும். சோதிக்காமல் விட்டால் 2 வருட முடிவுகளும் வீண். அதனால் இந்தத் துறைக்கு மதிப்பெண்ணைவிட, யாரும் சொல்லாமலே போய்ப் பார்க்கிற குணம் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. அது மகளிடம் உண்டா என்று உங்களுக்குத் தெரியும்.

‘ஸ்டெம் செல்’ என்று பெயர் வைத்த இளங்கலைப் படிப்பைத் தேட வேண்டாம். விலங்கியல், உயிர்வேதியியல், பயோடெக் எதுவும் போதும். மகள் கணக்கு இல்லாத பியூர் சயின்ஸ் குரூப் என்றால் கணக்கைத் தனியாகப் படிக்கட்டும். மத்திய அரசின் அறிவியல் கல்வி நிறுவனங்களான ஐசரின் நுழைவுத் தேர்வில் வரும் 60 கேள்விகளில் 15 கணக்கு. அதைவிட, இன்றைய மரபியலில் பாதி வேலை புள்ளியியலும் கணினியும்தான். பக்கத்திலேயே வேண்டுமென்றால் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம், தஞ்சை சாஸ்த்ரா, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் உயிரியல் துறைகள் உண்டு. முதுகலையில் சேர கேட்-பி, ஜாம் என்ற நுழைவுத் தேர்வுகள் உண்டு. பெங்களூரு ஜே.என்.சி.ஏ.எஸ்.ஆர்., என்.சி.பி.எஸ். போன்ற ஆராய்ச்சி நிறுவனங்களில் முதுகலையும் பிஎச்.டி.யும் சேர்ந்த படிப்பும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முதுகலை புராஜெக்ட்டில்தான் கவனம் வேண்டும். கட்டணம் வாங்கிக்கொண்டு முடிவும் அறிக்கையும் தயாராகக் கொடுக்கும் இடங்களுக்கு அனுப்பாதீர்கள். பிஎச்.டி. நேர்காணலில் ‘கன்ட்ரோல் (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் மாதிரி) எது வைத்தாய், ஏன்?’ என்ற ஒரே கேள்வியில் அது உடைந்துவிடும். 6 மாதம் தன் கையால் செல் வளர்க்க விடும் ஆய்வகத்துக்கு முந்தைய செமஸ்டரிலேயே எழுதட்டும். வேலூர் சி.எம்.சி.யின் ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையத்தை அவசியம் பட்டியலில் வையுங்கள். ரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியா ஏ நோய் உள்ள 5 பேருக்கு அவர்களுடைய ரத்த ஸ்டெம் செல்லிலேயே மரபணுவைச் சேர்த்துக் கொடுத்த சிகிச்சையின் முடிவுகளை அங்குள்ளவர்கள் 2024-ல் வெளியிட்டார்கள். அது ஐ.பி.எஸ். செல் இல்லை என்றாலும் கற்கும் முறை ஒன்றே.

மூட்டுவலி, ஆட்டிசம் எல்லாவற்றுக்கும் ஸ்டெம் செல் ஊசி போடும் கிளினிக்குகளில் வேலை வந்தால் சேர வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, ரத்த நோய்கள் முதலியவற்றுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று தவிர மற்றதெல்லாம் சோதனை நிலைதான்.

முதுகலையோடு நிறுத்தினாலும் மரபணுப் பரிசோதனைக் கூடம், மருந்து நிறுவனத் தரக் கட்டுப்பாடு, மேற்கொண்டு படித்தால் மரபியல் ஆலோசனை என்று வழிகள் உண்டு.

கல்லூரி பார்க்கப் போகும்போது செல் வளர்க்கும் ‘செல் கல்ச்சர்’ அறையைக் காட்டச் சொல்லுங்கள். இன்குபேட்டருக்குள் தட்டு இருக்கிறதா, செல்களை உறைய வைத்துச் சேமிக்கும் திரவ நைட்ரஜனை யார், எத்தனை நாளுக்கொருமுறை நிரப்புகிறார்கள் என்று கேளுங்கள். 2018 கஜா புயலில் எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு வாரம் வந்தால் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்குமா என்பதையும் கேட்டுவிட்டு வாருங்கள்.