உங்கள் ஊரின் பெயர் காலப்போக்கில் எப்படி மாறியது? அங்கே யார் யார் வாழ்ந்தார்கள்?

என் ஊர் பொறையாறு. ஆனால் இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் தரங்கம்பாடியின் கதைதான் பொருத்தம்.

‘அலைகள் பாடும் ஊர்’ என்று அதன் பெயருக்குப் பலரும் பொருள் சொல்கிறார்கள். கேட்க இனிமையாக இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பாடி என்றால் குடியிருப்பு, ஆயர்பாடியில் வருவதுபோல. கடலோரத்து மாசிலாமணிநாதர் கோயில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. அங்குள்ள கல்வெட்டில் ஊருக்கு இரண்டு பெயர்கள்: சடங்கன்பாடி, குலசேகரன்பட்டினம். மன்னன் பெயர் நிலைக்கவில்லை, பாடி நிலைத்துவிட்டது. அந்தக் கோயிலின் முன்பகுதியையோ கடலே கொண்டுபோய்விட்டது.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டென்மார்க்குக்காரர்கள் கோட்டை கட்டினார்கள். நாயக்கர் தங்க ஏட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது. அவர்கள் வாயில் ஊர் ‘டிராங்கேபார்’ ஆனது. வணிகர்களும் சிப்பாய்களும் வந்தார்கள். 1706-இல் ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு வந்தார். தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேதான் அச்சேறியது.

1845-இல் டென்மார்க் தன் இந்தியக் குடியேற்றங்களைப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. பின்னர் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகமும் அங்கே நகர்ந்தது. ராஜா வீதியின் பெரிய வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. இந்த ஊருக்கும் 1926-இல் ரயில் வந்தது. 1986-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

இத்தனை பேர் வந்து போனபோதும் கடலை நம்பி இங்கேயே இருந்தவர்கள் மீனவர்கள். 2004 சுனாமி அவர்களுடைய குப்பத்தைச் சிதைத்தது. பல குடும்பங்கள் கடலை விட்டு உள்ளே தள்ளிக் கட்டப்பட்ட வீடுகளுக்குப் போய்விட்டன. இந்த ஊரின் வரலாறு என்று கோட்டையை மட்டும் காட்டுகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு.

எங்கள் பொறையாறில் ‘கடுதாசிப்பட்டறை’ என்று ஓர் இடம் இருக்கிறது. சீகன்பால்கு தம் அச்சகத்துக்காக அங்கே காகிதப் பட்டறை வைத்தார். அது வெகுகாலம் ஓடவில்லை. சிறுவயதில் ஏன் அந்தப் பெயர் என்று அப்பாவிடம் கேட்டேன். “அங்கே காகிதம் செய்தார்களாம்” என்றார். காகிதத்தைத் தேடி அன்று மாலையே போனேன். சில வீடுகள், ஒரு தென்னந்தோப்பு, வேலியில் காயப்போட்ட துணிகள், அவ்வளவுதான் இருந்தன.