விபத்தில் காலை இழந்த என் அண்ணன் வீடு திரும்புகிறார். இனி அவர் எதிர்கொள்ளப்போகும் சிக்கல்கள் எவை?

எனக்கும் விபத்தொன்றில் வலது கால் முழங்காலுக்குக் கீழே அகற்றப்பட்டது. இப்போது செயற்கைக் காலுடன் வேலைக்குப் போய்வருகிறேன். என் அனுபவத்தில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்கும் செயற்கைக் கால் பொருத்தப்படுவதற்கும் இடைப்பட்ட காலமே மிகக் கடினமானது. அந்த நாள்களில் வீட்டார் பரிவோடு செய்யும் காரியங்கள் சில, பின்னாளில் நடப்பதற்கே தடையாகிவிடுகின்றன.

எங்கள் வீட்டில் அது தலையணையில் தொடங்கியது. அகற்றப்பட்ட காலின் எஞ்சிய பகுதிக்கடியில் தலையணை வைத்தால் இதமாகத்தான் இருக்கும். ஆனால் முழங்கால் மடங்கியபடியே வாரக்கணக்கில் கிடந்தால் தசைகள் இறுகி, பிறகு அதை நேராக நீட்ட முடியாமல் போகும். நீளாத முழங்காலில் செயற்கைக் காலைச் சரியாகப் பொருத்துவது கடினம் என்பதால், காலை நீட்டியே வைத்திருக்கவும், மருத்துவர் அனுமதித்தால் நாள்தோறும் சிறிது நேரம் குப்புறப் படுக்கவும் அண்ணனைப் பழக்குங்கள். கிரேப் பேண்டேஜை, அதாவது இழுபடும் துணிக்கட்டை, நுனியில் சற்று இறுக்கமாகவும் மேலே போகப்போகத் தளர்வாகவும் 8 வடிவில் சுற்றும் முறையை, வீட்டுக்கு வருமுன்பே இயன்முறை மருத்துவரிடம் வீட்டில் ஒருவராவது கற்றுக்கொள்ள வேண்டும். வீக்கம் வடிந்து வடிவம் அமைந்தால்தான், செயற்கைக் காலில் அந்தப் பகுதி நுழையும் கிண்ணம் போன்ற சாக்கெட் பொருந்தும். அதன் பின்னும் அந்தப் பகுதி மாதக்கணக்கில் சுருங்கும் என்பதால், முதல் சாக்கெட் தளர்ந்துபோவது இயல்பே.

இல்லாத பாதத்தில் எரிச்சலும் குத்தலும் தோன்றலாம். அதைப் பிரமை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அறிமுகப்படுத்திய, நல்ல காலின் பிம்பத்தை முகம் பார்க்கும் கண்ணாடியில் பார்த்தபடி அசைக்கும் கண்ணாடிப் பயிற்சி உட்பட, அதற்குச் சிகிச்சைகள் உண்டு. தூக்கக் கலக்கத்தில், கால் இருப்பதாகவே எண்ணி எழுந்து விழுபவர்களும் உண்டு. ஆகவே இரவில் ஒரு விளக்கு எரியட்டும், வாக்கர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கழிவறையில் கைப்பிடிக் கம்பியும் உட்காரும் வகைக் கோப்பையும் அவர் வருமுன்பே அமைந்துவிட்டால் நல்லது.

ஊருக்குள் நடமாடுவது வேறு வகைச் சிக்கல். பேருந்தின் உயரமான படியைக்கூடப் பழகிக்கொள்ளலாம், "உனக்கு எதற்குச் சிரமம்?" என்று கல்யாணத்துக்கும் கடைத்தெருவுக்கும் நம்மை விட்டுவிட்டுப் போகும் உறவினர்களைத்தான் என்னால் நெடுநாள் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அண்ணனிடம் கேளுங்கள், வர மாட்டேன் என்றால் அதை அவரே சொல்லட்டும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் உடனே விண்ணப்பியுங்கள். பயணச் சலுகைக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் உதவிகளுக்கும் அவற்றைத்தான் முதலில் கேட்பார்கள். அண்ணன் அரசு ஊழியர் என்றால், பணிக்காலத்தில் ஏற்பட்ட ஊனத்தைக் காரணம் காட்டி அவரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்வதை 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 20ஆவது பிரிவு தடுக்கிறது. தனியார் வேலையில் அந்தப் பிரிவின் பாதுகாப்பு கிடையாது. ஆகவே விடுப்பு முடியும்வரை காத்திராமல், அவர் உட்கார்ந்து செய்யக்கூடிய பணி உண்டா என்று முதலாளியிடம் இப்போதே பேசிவிடுங்கள்.